கோரிக்கை மனு: கடற்கரையில ஓடுற நாலு சில்லு குவாட் பைக், ஜீப்புகளுக்கு ஒரு ஒழுங்கு வேணும்

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

அம்பாறை மாவட்டத்தில கரையில நிண்டு வலை இழுக்கிற கரைவலைத் தொழிலாளிகள் நாங்க பணிவோட எழுதிக்கொள்றது. முன்னம் குடுத்த கடுதாசிகளுக்குப் பதில் இல்ல, ஒபிஸுக்கு வந்தா பைல் மேல போயிருக்கு மறுகா வாங்க எண்டு அனுப்புறாங்க. எங்கட மீன்வாடிக் கொட்டில் இருக்கிற வாடியடி ஐயாவுக்குத் தெரிஞ்ச இடம், கோயிலுக்குப் பின்னால தாழம்பத்தை முடிஞ்சு இறங்கிற கரைதான்.

1. எங்களுக்குக் கரைவலை ஓடுறது சித்திரையில இருந்து புரட்டாசி மட்டும். அறுகம்பேக்கு டூரிஸ்ட் ஆக்கள் வாற சீசனும் அதே மாசங்கள். வாடகை பைக்கெல்லாம் அப்பதான் கரைக்கு இறங்குது.

2. வலை. இதத்தான் ஐயா முக்கியமாப் பார்க்கணும். காயப் போட்ட வலைக்கு மேலால ஏறிப் போறாங்க. ரயர்ல மடி சிக்கினா நிப்பாட்டி எடுக்கிறதில்ல, இன்னும் முறுக்கி இழுக்கிறாங்க, அறுந்தத பொத்துறதுக்கு ரெண்டு பேர் பகல் முழுக்க வெயில்ல குந்தணும், அண்டைக்கு வலை வளைக்க ஏலா, வளைக்காட்டி கயிறு இழுக்க வந்த ஒருத்தருக்கும் பங்கு இல்ல, வலைச் சொந்தக்காரர் சம்மாட்டிக்கிட்ட வாங்கின அட்வான்ஸ் மட்டும் அப்படியே நிக்கும். இழுத்துக்கொண்டு நிக்கக்குள்ளயும் கயித்துக்கு மேலால பாயுறானுகள். கேட்டா இது பப்ளிக் பீச்சாம். அப்ப நாங்க ஆரு ஐயா?

3. ராவையில ஆமை ஏறி முட்டை இடும். எங்கட ஆக்கள் ஒரு முட்டை எடுத்தா வழக்கு, இவங்க கூட்டுக்கு மேலால ரயர் ஏத்தினா கேக்க ஆளில்ல. ரயர் பதிஞ்ச பள்ளத்துல விழுந்த குஞ்சு கடலுக்குப் போகத் தெரியாம அதுக்குள்ளயே ஓடுது, விடிஞ்சா காகம்.

4. அடம்பன்கொடியும் ராவணன்மீசையும் புடிச்சு வச்சிருக்கிற மண்மேட்டிலதான் ஜீப் ஏத்திப் பழகுறாங்க. 2004 சுனாமியில மேடு நிண்ட இடங்களுக்குச் சேதம் குறைவு எண்டு நாங்க சொல்லியா தெரியணும்?

5. 1981ஆம் ஆண்டு 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் இருக்கு. கரையில ஒரு போர்ட் கூட இல்ல.

பைக்க முழுசா நிப்பாட்டச் சொல்லல்ல, அதாலயும் நாலு பொடியன்மார் சாப்பிடுறாங்க. வாகனம் இறங்க ஒரே ஒரு பாதை, எங்கட மீன் ஏத்திற லான்மாஸ்டரும் அதாலயே வரட்டும். வலை காயிற இடத்தையும் மேட்டையும் கட்டை அடிச்சு மறிச்சுத் தாங்க. பொழுதுபட்டா விடியுமட்டும் ஒண்டும் இறங்கப்படாது. வாடகை பைக்குக்குத் தூரத்தில தெரியிற மாதிரி நம்பர் போடச் சொல்லுங்க, இல்லாட்டி பொலிஸுல ஆரெண்டு சொல்றது?

தயவுசெஞ்சு ஐயா, மத்தது பிந்தினாலும் வலைக்கு ஒரு வழி பண்ணுங்க. சீசனுக்கு முந்தி கட்டையாவது அடிங்க. திகதியச் சொன்னா குழி தோண்ட நாங்களே வாறம்.

இப்படிக்கு,
வாடியடிக் கரைவலைத் தொழிலாளிகள்