ஃபிளாரன்ஸில் வண்டியை ஒப்படைத்த கதை

பாளையங்கோட்டை

அன்புள்ள சுப்பையா,

உன் கடிதம் கிடைத்தது. மதினிக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது வாக்கர் இல்லாமலே வாசல்வரை நடக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். படித்ததும்தான் நிம்மதி. மாடிப்படி மட்டும் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல். இங்கே எல்லாரும் சுகம். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. இத்தாலியில் தின்ற ஐஸ்கிரீம் கணக்கு அது, ஒன்றும் செய்ய முடியாது.

இத்தாலி போய்வந்தவனிடம் எல்லாரும் சாய்ந்த கோபுரத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். நீ ஒருத்தன்தான், வாடகைக் காரை எப்படித் திருப்பி வாங்குகிறார்கள் என்று கேட்டிருக்கிறாய். தென்காசி ஸ்டாண்டில் முப்பது வருஷம் டிராவல்ஸ் நடத்தியவன் வேறு என்ன கேட்பான்! உன் வீட்டுத் தம்பி, டிரைவர் இல்லாமல் வண்டியை மட்டும் வாடகைக்கு விடும் செல்ஃப் டிரைவ் ஆரம்பிக்கப் போகிறான் என்பதால், பார்த்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ரோமில் வண்டி எடுத்தது பெரிய கதை இல்லை. மகள் செல்வி நெதர்லாந்திலிருந்தே புக் செய்துவிட்டாள். ஓட்டுகிறவர் பேரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். டெபாசிட் என்று ஒரு பெரிய தொகையைக் கார்டில் நிறுத்தி வைக்கிறார்கள். கூடுதல் இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லி கவுண்டரில் ஒரு பெண் மூச்சு விடாமல் பேசினாள், அவ்வளவுதான். நம் லைசென்ஸோடு ஆர்டிஓ தரும் இன்டர்நேஷனல் பெர்மிட்டும் இருந்தால் நானும் ஓட்டலாம், எடுத்துத்தான் போயிருந்தேன். ஆனால் வலது பக்கம் ஓட்டும் ஊரில் என்னை நம்பி ஸ்டியரிங்கைத் தர வீட்டில் யாரும் தயாராக இல்லை. வண்டி ஒரு சின்ன ஃபியட் பாண்டா. உங்கள் அப்பாவின் பழைய பத்மினி காரை நினைத்துக்கொண்டேன். அதையும் ஃபியட் என்றுதான் சொல்வோம், மற்றபடி இரண்டும் வேறு வேறு.

சியன்னாவில் தங்கிவிட்டு, ஃபிளாரன்ஸில் வண்டியை விட்டுவிட்டு, அங்கிருந்து ரயில் என்று திட்டம். சியன்னாவிலிருந்து ஃபிளாரன்ஸ் சுமார் 70 கிலோமீட்டர். நாலுவழிச் சாலை, டோல் கிடையாது, இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம். அதுவரை சுகம். கடைசிப் பத்து கிலோமீட்டரில்தான் விஷயம் இருக்கிறது.

அந்த ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் கோட்டைச் சுவர் இருந்தது. 1865-இல் ஃபிளாரன்ஸ் இத்தாலியின் தலைநகர் ஆனபோது, ஜூசெப்பே போஜ்ஜி என்ற கட்டடக் கலைஞர் ஆர்னோ ஆற்றுக்கு வடக்கே இருந்த சுவரை இடித்து, அந்தத் தடத்திலேயே அகலமான சுற்றுச்சாலை போட்டார். பழைய கோட்டை வாசல்கள் சிலவற்றை மட்டும் இடிக்காமல் விட்டார். 1871-இல் தலைநகரம் ரோமுக்குப் போய்விட்டது, சாலை தங்கிவிட்டது. ‘வியாலி’ என்கிறார்கள். ஊர்ப் போக்குவரத்து முழுக்க அதில்தான் சுற்றுகிறது. அதற்கு உள்ளே இருக்கும் பழைய நகரத்தில் பெரும்பகுதிக்கு வெளி வண்டிக்கு அனுமதி கிடையாது. இசட்.டி.எல். என்று பேர். திங்கள் முதல் வெள்ளிவரை காலை 7.30 முதல் இரவு 8 மணிவரை, சனிக்கிழமை மாலை 4 மணிவரை. கோடையில் சில நாள் ராத்திரியும் உண்டு. உள்ளே போகும் தெருவாயில் சிவப்பு வளையம் போட்ட வெள்ளைப் பலகை, ஒரு கேமரா. சுவரை இடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதைக் கண்ணுக்குத் தெரியாமல் திரும்பக் கட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நம் ஊரில் நோ என்ட்ரியில் போனால் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டுவார், இறங்கிப் பேசலாம். அங்கே யாரும் நிறுத்த மாட்டார்கள். கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துக்கொள்ளும், நீ பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பாய். நோட்டீஸ் வண்டிச் சொந்தக்காரரான கம்பெனிக்குப் போகும். கம்பெனி உன் பேரையும் விலாசத்தையும் முனிசிபாலிட்டிக்கு எழுதும். அப்படி எழுதியதற்கென்று உன் கார்டில் ஒரு தொகையை எடுத்துக்கொள்ளும். அபராதம் தனி, அது பிறகு உன் வீட்டுக்கே தபாலில் வரும். அபராதமே 80 யூரோவுக்கு மேல். ஐந்து நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நோட்டீஸ் அனுப்ப அவர்கள் சட்டம் 360 நாள் அவகாசம் கொடுக்கிறது. போய்வந்த போட்டோவையெல்லாம் ஆல்பத்தில் ஒட்டி, எல்லாம் மறந்த பிறகு கதவைத் தட்டும் கடன் அது.

வேடிக்கை என்னவென்றால், நகரத்துக்குள் இருக்கும் வாடகைக் கார் ஆபீஸ்கள் பலவும் போர்கோ ஓன்யிசான்தி என்ற தெருவையும் அதன் பக்கத்துச் சந்துகளையும் ஒட்டித்தான் இருக்கின்றன. அது அந்த இசட்.டி.எல். எல்லையிலேயே வருகிற இடம். வண்டியை விட வருகிறவர்களின் நம்பரை ஆபீஸ்காரர்கள் முனிசிபாலிட்டிக்குச் சொல்லிவிட்டால் அபராதம் வராது. சொல்வார்களா என்பதுதான் கேள்வி. செல்வி முந்தின நாளே போன் செய்து, எந்தத் தெரு வழியாக வர வேண்டும், நம்பரை யார் பதிவு செய்வார்கள் என்று கேட்டு, அதை மெயிலிலும் எழுதி வாங்கிவிட்டாள். எனக்கு அப்போது அது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தெரிந்தது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸை மூடிவிடுவார்கள் என்பதும் அந்தப் போனில்தான் தெரிந்தது. மூடியிருந்தால் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாமாம். ஆனால் அவர்கள் வந்து பார்க்கும்வரை வண்டிக்கு என்ன ஆனாலும் நம் தலையில்தான். அதனால் சியன்னாவிலிருந்து விடியக் கிளம்பினோம்.

காலுத்ஸோ என்ற இடத்தில் பெட்ரோல் போட்டோம். ஃபுல் கொடுத்தார்கள், ஃபுல்லாகத் திருப்ப வேண்டும். பங்கில் இரண்டு விலை எழுதியிருக்கும், நீ ரசிப்பாய். ஆள் வந்து ஊற்றினால் ஒரு விலை, நாமே ஊற்றிக்கொண்டால் குறைவு. நாங்கள் போனபோது குறைந்த விலையே லிட்டர் 1.80 யூரோ பக்கம் இருந்தது, நம் கணக்குக்கு 160 ரூபாய்க்கு மேல். மெஷினில் கார்டைச் செருகினால், சில பங்குகளில் ஊற்றப்போவது பத்து லிட்டர் என்றாலும் முதலில் 100 யூரோவை நிறுத்தி வைத்துவிட்டு அப்புறம் மிச்சத்தை விடுவிக்கும். என் வீட்டுக்காரி, அதாவது உன் மதினி, பயந்தே போய்விட்டாள்.

அந்தப் பங்க் ஓரத்திலேயே செல்வி வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்தாள். நாலு கதவு, கூரை, முன் கண்ணாடி, ஒவ்வொரு சக்கரத்தின் ரிம், கடைசியாக டாஷ்போர்டில் கிலோமீட்டர் ரீடிங், பெட்ரோல் முள், நேரம். ஊருக்குள் போனால் இதற்கு இடமும் கிடைக்காது, பொறுமையும் இருக்காது என்றாள்.

அப்புறம் போர்த்தா ரோமானா. பதினாலாம் நூற்றாண்டுக் கோட்டை வாசல், நடு ரோட்டில் நிற்கிறது, அதைச் சுற்றிப் பஸ்ஸும் ஸ்கூட்டரும். ஸ்கூட்டர்காரர்கள் நம் திருநெல்வேலி ஜங்ஷன்காரர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை, இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போகிறார்கள். செல்வி வாசலுக்குள் போகாமல் இடது பக்கம் திரும்பி, சுற்றுச்சாலையைப் பிடித்து, ஆர்னோ பாலம் தாண்டி, போர்த்தா அல் பிராத்தோ என்ற இன்னொரு பழைய வாசல் பக்கம் வந்தாள். அங்கே டிராம் தண்டவாளம் வேறு. நாங்கள் திரும்ப வேண்டிய இடத்தை ஒரு சரக்கு வேன் அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் ஹாரன். நானாக இருந்தால் பக்கத்தில் இருந்த சந்தில் நுழைத்திருப்பேன். அவள் அசையாமல் நேராகப் போய் இன்னொரு சுற்று சுற்றி வந்தாள். “அப்பா, ஒரு சுற்றுக்கு நம்மிடம் பெட்ரோல் இருக்கிறது, சந்துக்குத்தான் பணம் இல்லை” என்றாள். உன்னிடம் வேலை பார்த்த பழைய டிரைவர்கள் கேட்டால் கை தட்டியிருப்பார்கள்.

ஆபீஸ் என்பது ஒரு பெட்டிக்கடை அகலம். வண்டியை நிறுத்த இடமே இல்லை. ரோட்டிலேயே வாங்கிக்கொண்டு, வேறெங்கோ இருக்கும் ஷெட்டுக்கு ஒரு பையன் ஓட்டிப் போய்விடுகிறான். பரிசோதனை என்றால் அந்த இடுக்கில், பின்னால் பஸ் நிற்க, ஒரு ஆள் அவசரமாகச் சுற்றி வந்து போனில் எதையோ தட்டிவிட்டு, எல்லாம் சரி என்று சாவிக்குக் கை நீட்டுவதுதான். இவள் சாவியை நீட்டாமல், “பேப்பர் கொடுங்கள்” என்றாள். சிரித்தார். இவளும் சிரித்தாள், சாவி மட்டும் கைமாறவில்லை. பிறகு உள்ளே போய் கிலோமீட்டர், பெட்ரோல், புதுச் சேதம் இல்லை என்று அச்சிட்ட சீட்டோடு வந்தார்.

அந்தச் சீட்டு எதற்கு என்பது ஊர் வந்து சேர்ந்த பிறகு தெரிந்தது. பின் பக்க இடது ரிம்மில் உரசல், அதற்கு இவ்வளவு பிடித்திருக்கிறோம் என்று கம்பெனியிலிருந்து செல்விக்கு மெயில். சீட்டையும் வீடியோவையும் அனுப்பினாள். ஒரு வாக்குவாதமும் இல்லாமல் பணம் திரும்ப வந்துவிட்டது. அவர்களைத் திருடர்கள் என்று சொல்ல எனக்கு மனசில்லை. சாவி கைமாறிய இடத்துக்கும் ஷெட்டுக்கும் நடுவில் யாரோ உரசியிருக்கலாம். ஆனால் அந்த இடைவெளியில் நடந்ததற்கு யார் பொறுப்பு என்று பேப்பர் இல்லாவிட்டால், கார்டு கொடுத்தவர்தான் பொறுப்பு.

இதனால்தான் தம்பிக்குச் சொல்கிறேன். இந்தத் தொழிலில் வண்டியைக் கொடுப்பது சுலபம், திரும்ப வாங்குகிற பத்து நிமிஷத்தில்தான் பேர் சம்பாதிப்பதும் கெடுவதும். நீ டிரிப் முடிந்து வரும் வண்டியை டிரைவரை வைத்துக்கொண்டே டார்ச் அடித்துப் பார்த்து, டிரிப் ஷீட்டில் அவன் கையெழுத்தையும் உன் கையெழுத்தையும் போடுவாய். மழை பெய்தாலும் விடமாட்டாய். அதையே அவன் வாடிக்கையாளரோடு செய்யட்டும். கொடுக்கும்போது எடுத்த போட்டோவும் வாங்கும்போது எடுத்த போட்டோவும் இரண்டு பேர் போனிலும் இருக்கட்டும். இ-சலான் விஷயத்தையும் முதலிலேயே எழுதி வாங்கச் சொல். நம் ஊரிலும் அது ஆர்சி புத்தகத்தில் பேர் இருப்பவருக்குத்தானே வருகிறது? மூணாறு போய்வந்த பார்ட்டியின் ஓவர் ஸ்பீடு, மாசம் கழித்து இவன் போனில் வந்து நிற்கும்.

இன்னொன்று. ஓன் போர்டு வண்டியை, அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிந்த வெள்ளை பிளேட் வண்டியை, வாடகைக்கு விடுகிற வேலை மட்டும் வேண்டாம். செல்ஃப் டிரைவுக்குக் கருப்பு பிளேட், மஞ்சள் எழுத்து. 1989-ஆம் வருஷத்து ரென்ட்-எ-கேப் திட்டப்படி லைசென்ஸ் வாங்கக் குறைந்தது 50 வண்டி வேண்டும். இரண்டு இன்னோவாவோடு தனியாக இறங்க முடியாது, லைசென்ஸ் இருக்கிற பெரிய கம்பெனியோடு சேர்த்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கும். ஆர்டிஓ ஆபீஸில் உனக்குத் தெரியாத ஆளா, ஒரு வார்த்தை நேரில் கேட்டுவிடு.

வண்டி கையை விட்டுப் போனதும் அதே தெருவில் இருக்கும் ஓன்யிசான்தி தேவாலயத்துக்குப் போனோம். ஓவியர் போத்திசெல்லியை அங்கேதான் அடக்கம் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவுக்குப் பேர் கொடுத்த அமெரிகோ வெஸ்புச்சியின் குடும்பத்துக்கும் அதுதான் கோயில். பக்கத்து மடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கிர்லாந்தாயோ என்ற ஓவியர் 1480-இல் வரைந்த இயேசுவின் கடைசி விருந்து ஓவியம் சுவர் முழுக்க இருக்கிறதாம், அன்றைக்குப் பூட்டியிருந்தது. “இந்தக் காரை விட்ட பிறகுதான் உங்க முகத்தில் களை வந்திருக்கு” என்றாள் உன் மதினி. உண்மைதான்.

மறுபடி போவதானால் ஊருக்குள் விடவே மாட்டேன். ஃபிளாரன்ஸ் விமான நிலையத்தின் பக்கத்தில் எல்லாக் கம்பெனிக்கும் இடம் இருக்கிறது, விசாலமாக நிறுத்தலாம். அங்கிருந்து 2019-இல் விட்ட டிராம் ஊர் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் கொண்டுவந்து விடுகிறது, டிக்கெட் 1.70 யூரோ. செல்வியிடம் இதைச் சொன்னால், நகரத்து ஆபீஸ்தான் ரயிலுக்குப் பக்கம் என்று நீங்கள்தானே அப்பா பிடிவாதம் பிடித்தீர்கள் என்கிறாள். அந்தப் பேச்சு இங்கே இன்னும் முடியவில்லை.

சரி, சாரல் ஆரம்பித்துவிட்டதா? மெயினருவியில் தண்ணீர் எப்படி என்று ஒரு வரி எழுது. கூட்டம் குறைந்த பிறகு, ஒரு வியாழன் வெள்ளியில் வருகிறோம். வண்டி அனுப்புகிறேன் என்று கிளம்பிவிடாதே, பாசஞ்சர் ரயிலில் வருகிறோம். மதினிக்கு எங்கள் அன்பைச் சொல்.

உன்,
சண்முகம்