ஸ்விட்சில் உள்ள ஆம்பியரை மட்டும் பார்த்து விமானத்தில் மாட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சொந்தமாக விமானம் கட்டுபவர்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இறக்கை, இன்ஜின் பற்றியெல்லாம் விரிவாக எழுதியிருந்தீர்கள், சந்தோஷம். ஆனால் மின்சாரப் பகுதி வந்ததும், தேவையான ஆம்பியர் இருந்தால் எந்த ஸ்விட்சும் போதும் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். நானும் விமானம் கட்டிக்கொண்டிருப்பவன். அந்த வரியை நம்பி யாராவது பேனலில் துளை போட்டுவிடுவார்களோ என்ற கவலையில்தான் எழுதுகிறேன், ஏனென்றால் நானே அப்படி நம்பிச் செய்தவன்.

என்னுடைய லேண்டிங் லைட் 100 வாட் ஹாலோஜன், 12 வோல்ட் விமானத்தில் இன்ஜின் ஓடும்போது இருக்கும் 14 வோல்ட்டில் சுமார் 7 ஆம்பியர் இழுக்கும். கையில் இருந்த டாகிள் ஸ்விட்சில் 10 ஆம்பியர், 250 வோல்ட் ஏசி என்று போட்டிருந்தது. ஏழுக்குப் பத்து தாராளம் என்று மாட்டிவிட்டேன். இன்னும் தரையில் சோதித்துக்கொண்டிருந்த காலம்தான், ஒரு நாள் சாயங்காலம் ஸ்விட்சை ஆஃப் செய்தேன், விளக்கு அணையவில்லை. மூன்று நான்கு தடவை தட்டிப் பார்த்தேன், ம்ஹூம். கடைசியில் பேட்டரி வயரைக் கழற்ற வேண்டியதாகிவிட்டது. ஸ்விட்சைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே தொட்டுப் பிரியும் உலோக முனைகளான இரண்டு கான்டாக்ட்டும் ஒன்றோடொன்று பற்றவைத்த மாதிரி ஒட்டியிருந்தன, சின்ன ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பித்தான் பிரிக்க முடிந்தது. ஒன்றில் கடுகளவு பள்ளம், எதிரில் இருந்ததில் கிட்டத்தட்ட அதே அளவு மேடு. விமான பேட்டரி தரும் டிசி மின்சாரம் ஒரே திசையில் பாய்வதால் ஒவ்வொரு பொறிக்கும் உலோகம் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

அந்த 7 ஆம்பியர் கணக்கு இழை சூடான பிறகுதான் பொருந்தும். குளிர்ந்திருக்கும் டங்ஸ்டன் இழைக்கு மின்தடை மிகக் குறைவு, அதனால் ஸ்விட்ச் போட்ட முதல் கணத்தில் 10 முதல் 15 மடங்கு வரை இழுக்கும். அதே கணத்தில்தான் கான்டாக்ட்டுகள் தொட்டு, துள்ளி, மறுபடி தொடுகின்றன. ஒட்டிக்கொள்வதற்கு வேறென்ன வேண்டும்?

அடுத்தது அந்த 'ஏசி' என்ற இரண்டு எழுத்து. வீட்டுக்கு வரும், திசை மாறி மாறிப் பாயும் 50 ஹெர்ட்ஸ் ஏசி ஒரு நொடிக்கு 100 தடவை பூஜ்யத்துக்கு வந்து போகிறது, ஸ்விட்ச் திறக்கும்போது எழும் பொறி அங்கே தானாக அணைந்துவிடும். டிசியில் அந்த இடைவெளியே கிடையாது. கான்டாக்ட்டுகள் போதிய தூரம் விலகும் வரை பொறி எரியும். 12 வோல்ட் விமானத்தில் பொறி நிலைத்து நிற்பது கஷ்டம் என்பதால் பல சாதாரண ஸ்விட்சுகள் தப்பித்துவிடுகின்றன. 24 வோல்ட் என்றால் அந்தச் சலுகை கிடைக்காது, அங்கே டிசி ரேட்டிங் போடாத ஸ்விட்சை வாங்கவே வாங்காதீர்கள்.

அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ. 1998-இல் வெளியிட்ட 43.13-1பி வழிகாட்டியில் இதற்கென்றே ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது. ஓடும் கரண்டை எத்தனையால் பெருக்கி ஸ்விட்ச் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. 12 வோல்ட்டில் இழை விளக்குக்கு 5, ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் மின்காந்த ஸ்விட்ச்) அல்லது சோலினாய்டுக்கு (மின்காந்தத்தால் இயங்கும் கம்பிச்சுருள்) 2, மோட்டாருக்கு 2, ஹீட்டருக்கு 1. 24 வோல்ட்டில் அதே வரிசையில் 8, 4, 3, 2. என் 7 ஆம்பியர் விளக்குக்கு இதன்படி 35 ஆம்பியர் ஸ்விட்ச் வேண்டும்! இந்த அட்டவணை ரொம்பக் கறார் என்று சொல்பவர்கள் உண்டு, கேபின் விளக்கு விஷயத்தில் நானும் ஒப்புக்கொள்வேன். இருட்டும் நேரத்தில் இறங்கும்போது நம்பியிருக்கிற விளக்குக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். அவ்வளவு பெரிய ஸ்விட்சைத் தேடி அலைய வேண்டாம், தகுந்த ரிலே ஒன்றை வைத்து அதன் காயிலை, அதாவது கம்பிச்சுருளை, மட்டும் ஸ்விட்சால் இயக்கினால் போதும். நான் இப்போது அப்படித்தான் செய்திருக்கிறேன். எல்இடி விளக்குக்கு மாறினால் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும், ஆனால் அதற்குக் கரண்டைச் சீராக்கித் தரும் டிரைவரில் உள்ள கெப்பாசிட்டரும் முதல் கணத்தில் கொஞ்சம் இழுக்கும் என்பது ஞாபகத்தில் இருக்கட்டும்.

ரிலே என்றதும் இன்னொன்று. மாஸ்டர் ஸ்விட்ச் வழியாக பேட்டரியின் முழு கரண்டும் போவதில்லை, பேட்டரியை இணைக்கும் பெரிய ரிலேயான கான்டாக்டரின் காயில் கரண்ட், சுமார் 1 ஆம்பியர்தான் போகிறது. இவ்வளவு குறைவாக இருந்தும் அந்த ஸ்விட்ச் ஏன் கெடுகிறது என்றால், காயிலை அணைக்கும்போது அதில் சேர்ந்திருந்த காந்த சக்தி நூற்றுக்கணக்கான வோல்ட்டாகத் திரும்பி ஸ்விட்சின் முனையில் பொறியாக வெடிக்கிறது. காயிலுக்குக் குறுக்கே கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடு ஒன்றைச் சரியான திசையில் போட்டால் அடங்கிவிடும். திசை மாறினால் ஷார்ட் ஆகிவிடும், கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம் இருக்க வேண்டும்.

அதற்காக எல்லா இடத்திலும் பெரிய ஸ்விட்சாக மாட்டுவதும் தப்பு. சில மில்லி ஆம்பியர் மட்டும் ஓடும் சிக்னல் வயரில் 15 ஆம்பியர் வெள்ளி கான்டாக்ட் ஸ்விட்சைப் போட்டால், வெள்ளியின் மேல் படியும் கருப்புப் படலத்தை எரித்துச் சுத்தம் செய்யும் அளவுக்குப் பொறி வராது, சில மாதத்தில் தொடர்பு விட்டுவிட்டு வரும். ரேடியோவின் பேசும் பட்டனுக்கும், விமானத்தின் சமநிலையைச் சரிசெய்யும் டிரிம் சிக்னலுக்கும் தங்க முலாம் பூசிய சின்ன ஸ்விட்ச்தான் சரி.

இணைப்பின் அடுத்த இதழில் அந்த ஒரு வரியை மட்டும் திருத்திப் போடுங்கள். டிசி ரேட்டிங் எவ்வளவு, இயக்கப்போவது விளக்கா மோட்டாரா காயிலா, இந்த இரண்டையும் பார்த்து வாங்கச் சொன்னால் போதும். மேலே சொன்ன எட்டு எண்களுக்கும் ஒரு மூலையில் இடம் கொடுத்தால் கட்டுபவர்கள் வெட்டி எடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
விமானம் கட்டும் வாசகர் ஒருவர்