மைனஸ் எத்தனை டிகிரி வரை? ஆர்.வி. தயாரிப்பாளர்களுக்கும் வாடகைக்கு விடுபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஆர்.வி. வண்டிகளை, அதாவது உள்ளேயே சமைத்துத் தூங்கும் வசதியுள்ள வீட்டு வண்டிகளைத் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கும், விற்பவர்களுக்கும், வாடகைக்கு விடுபவர்களுக்கும், குளிர்காலத்திலும் முகாம்களைத் திறந்து வைத்திருப்பவர்களுக்கும் வணக்கம்.

நான் உங்களிடம் கேட்பது ஓர் எண். "நான்கு பருவத்துக்கும் ஏற்றது" என்று வண்டியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறீர்கள். வெளியே மைனஸ் எத்தனை டிகிரி வரை அந்த வண்டியில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், எத்தனை மணி நேரம் வரும், அதை எப்படிச் சோதித்துப் பார்த்தீர்கள் என்பதையும் அதே ஸ்டிக்கரில் அச்சிடுங்கள். வாங்குபவரும் வாடகைக்கு எடுப்பவரும் வானிலை அறிக்கையை அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புவார்கள். இப்போது அவர்கள் கையில் இருப்பது வெறும் நம்பிக்கை.

நடக்காத காரியத்தை நான் கேட்கவில்லை. ஐரோப்பாவில் இன்னொரு வண்டி இழுத்துச் செல்லும் கேரவன்களுக்கு ஈ.என். 1645, தானே ஓடும் மோட்டார் ஹோம்களுக்கு ஈ.என். 1646 என்று தர விதிகள் இருக்கின்றன. அவற்றில் மூன்றாம் நிலைச் சான்று வேண்டும் என்றால், மைனஸ் 15 டிகிரி செல்சியஸ் குளிர் அறையில் வண்டியை நிறுத்தி நன்றாகக் குளிர வைக்க வேண்டும். பிறகு ஹீட்டரைப் போட்டால் 4 மணி நேரத்துக்குள் உள்ளே 20 டிகிரி வந்தாக வேண்டும். தண்ணீர்க் குழாய்களும் வேலை செய்ய வேண்டும். வட அமெரிக்காவில் என்.எஃப்.பி.ஏ. 1192 என்ற பாதுகாப்பு விதி இருக்கிறது. தீ, எரிவாயு, குழாய் அமைப்பு எல்லாவற்றையும் பற்றி அது பேசுகிறது. ஆனால் நான்கு பருவ வண்டி என்றால் எந்தக் குளிரைத் தாங்க வேண்டும் என்பதற்கு அங்கே பொதுவான அளவுகோல் இல்லை. அவரவர் மனதுக்குப் பட்டதை எழுதிக்கொள்ளலாம். ஒருவர் அடியில் தகடு அடித்து மூடியதும் ஸ்டிக்கர் ஒட்டுகிறார். இன்னொருவர் தொட்டிக்கு ஹீட்டர் பட்டை வைத்து, கண்ணாடியை இரட்டையாக்கி, தரையில் கனமான வெப்பக் காப்புப் போட்ட பிறகே ஒட்டுகிறார். வாங்குபவர் பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

உங்கள் விளம்பரங்களில் ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே கம்பளியைப் போர்த்திக்கொண்டு யாரோ சூடாக எதையோ குடிக்கிறார்கள். அந்த மகிழ்ச்சி பொய்யில்லை. கூட்டமில்லாத காடும் பனி மூடிய மலையும் எனக்கு உயிர். அதற்காகத்தான் இந்த மடலே எழுதுகிறேன். ஆனால் குளிர் முதலில் கை வைப்பது நீங்கள் படம் எடுக்கும் அந்த அறையில் அல்ல, தரைக்கு அடியில். குடிநீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டிகள், அவற்றின் வால்வுகள், விரல் பருமனுள்ள பிளாஸ்டிக் குழாய்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. சூட்டை அளந்து ஹீட்டரை இயக்கும் தெர்மோஸ்டாட் இருப்பதோ மேலே, நம் தோள் உயரத்தில். மேலே 20 டிகிரி காட்டும்போது கீழே என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

கீழே சூடு போவதற்கு நீங்கள் செய்திருக்கும் ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். பல வண்டிகளில் அறையைச் சூடாக்குவது பர்னஸ் என்ற, புரொப்பேன் கேஸில் எரியும் ஹீட்டர். அதன் சூடான காற்றில் ஒரு பங்கு, குழாய் வழியே அடிப்பகுதிக்கும் போகிறது. அதாவது பர்னஸ் ஓடினால்தான் தொட்டி உறையாது. இந்த ஒரு வாக்கியத்தை வண்டியைக் கையில் கொடுக்கும்போது யாரும் சொல்வதில்லை. சில இடங்களில் இதற்கு நேர்மாறாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

நாங்கள் தங்கியிருந்த ஒரு முகாமில் பக்கத்து இடத்துக்கு ஓர் இளம் தம்பதி கைக்குழந்தையோடு வாடகை வண்டியில் வந்திருந்தார்கள். வண்டியைக் கொடுத்தவர், "முகாமில் கரண்ட் இருக்கிறது, இந்த எலெக்ட்ரிக் ஹீட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள், கேஸ் மிச்சமாகும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அன்று இரவு மைனஸ் 14. எலெக்ட்ரிக் ஹீட்டர் அறையைக் கதகதப்பாக வைத்திருந்ததால் பர்னஸ் ஒரு தடவை கூட ஓடவில்லை. காலையில் பம்ப் உறுமுகிறது, குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மதியம் வெயில் வந்த பிறகுதான் உண்மையான சேதம் தெரிந்தது. அடித்தகட்டின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. அந்தத் தம்பதியில் கணவரும் நானும் பனியில் படுத்து, திருகுகளைக் கழற்றித் தகட்டைக் கொஞ்சம் இறக்கினோம். நனைந்து கனத்த காப்புப் பஞ்சு கையோடு வந்தது. அதற்குப் பின்னால், பம்பிலிருந்து வரும் குழாய் திரும்பும் இடத்தில் இருந்த எல்போ என்ற வளைவு இணைப்பில், முடி அளவுக்கு மெல்லிய விரிசல், நகத்தால் தடவினால்தான் தட்டுப்படும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருகும். அந்தப் பெருக்கத்துக்கு அந்தக் குழாயில் இடமில்லை. பனிக்கட்டி இருக்கும் வரை விரிசலை அதுவே அடைத்து வைத்திருக்கும், உருகினால்தான் ஒழுகும்.

பழுது பார்த்த செலவை முன்பணத்தில் கழித்துக்கொண்டார்கள் என்று அவர் பிறகு சொன்னார். கொடுத்தவர் சொன்னதைத்தான் அவர் செய்தார். எனக்கு இன்னும் மனது ஆறவில்லை.

சரி, பர்னஸையே ஓட விடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அங்கும் கணக்கைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. மணிக்கு 30,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) திறனுள்ள பர்னஸ், 9 கிலோ புரொப்பேன் சிலிண்டரைத் தொடர்ந்து எரித்தால் சுமார் 14 மணி நேரத்தில் காலி செய்துவிடும். கடுங்குளிரில் பாதி நேரம் எரிகிறது என்றாலும் ஒரு சிலிண்டர் ஒரு நாளைக்குச் சற்று மேலே தாங்கும், அவ்வளவுதான். கேஸ் தீர்வதற்கு முன்பே தீர்வது பேட்டரி. பர்னஸின் விசிறி 12 வோல்ட்டில் ஓடுகிறது. அது 8 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 12 மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினாலே 48 ஆம்பியர்-மணி போய்விடும். 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில் கெடாமல் எடுக்கக்கூடியதே பாதிதான். குளிரில் அந்தப் பாதியும் குறையும். விளக்கு, பம்ப் எல்லாம் இதற்கு மேல். அதனால் கரண்ட் இல்லாத இடத்தில் நிறுத்தியிருந்தால் சிலிண்டரில் கேஸ் இருக்கும்போதே விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு பர்னஸ் நின்றுவிடும். இரவின் மிகக் குளிர்ந்த நேரம், சூரியன் உதிக்கும் வேளை, அதற்குப் பிறகுதான் வரும்.

லித்தியம் பேட்டரி வைத்தால் தீர்ந்துவிடும் என்று விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியை அதன் செல்கள் 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் செய்யக் கூடாது. செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். நல்ல பேட்டரிகளில் இதைத் தடுக்கும் அமைப்பு இருக்கிறது. அப்போது காலையில் சோலார் பலகையில் வெயில் அடித்தாலும் சார்ஜ் ஏறாது. பேட்டரியை வண்டிக்கு உள்ளே வைத்திருக்கிறீர்களா, வெளியே பெட்டியில் வைத்திருக்கிறீர்களா, அதற்குத் தனி ஹீட்டர் உண்டா என்பதும் அந்த எண்ணோடு சேர வேண்டிய தகவல்.

இதையெல்லாம் வசதிக் குறைவைப் பற்றிய புகாராக நினைத்துவிடாதீர்கள். பர்னஸ் நின்ற பிறகு அந்த வண்டிக்குள் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். குழந்தை நடுங்குகிறது, வெளியே இருட்டு. கைக்கு எட்டும் தூரத்தில் கேஸ் அடுப்பு இருக்கிறது, அதைப் பற்ற வைக்க பேட்டரி தேவையில்லை. ஜன்னல்களை ஏற்கெனவே போர்வையால் அடைத்திருக்கிறார்கள், கூரைத் துவாரத்தை மூடியிருக்கிறார்கள். பர்னஸ் எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையை வெளியிலேயே தள்ளும். அடுப்பும், புகைப்போக்கி இல்லாத சின்ன ஹீட்டர்களும் அறையின் காற்றையே தின்று அறைக்குள்ளேயே விடும். காற்று குறையக் குறைய கார்பன் மோனாக்சைடு உருவாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலியும் தூக்கமும் வரும், அசதி என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். தீர்ந்துபோன ஒரு பேட்டரியிலிருந்து அந்தப் படுக்கை வரை நான்கே படிகள்தான் இருக்கின்றன. அந்த வழியை முதலிலேயே அடைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

அதனால் கார்பன் மோனாக்சைடு அலாரம் பொருத்தியிருக்கிறோம் என்பதோடு நிறுத்தாதீர்கள். அதற்கு ஆயுள் உண்டு, காலாவதித் தேதி அதன் முதுகில் இருக்கும். வாடகைக்குக் கொடுக்கும்போது வாடிக்கையாளர் முன்னால் பட்டனை அழுத்தி ஓசையைக் கேட்க வையுங்கள், தேதியைக் காட்டுங்கள். தரையை ஒட்டி இருக்கும் இன்னோர் அலாரம் எதற்கு என்பதையும் சொல்லுங்கள். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும், அதனால்தான் அது கீழே இருக்கிறது. தெரியாதவர்கள் அதன் முன்னால் பையை வைத்து மறைத்துவிடுகிறார்கள்.

ஈரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி வரும். புகைப்போக்கி இல்லாத ஹீட்டரை இரவு முழுக்க எரித்தால் அவ்வளவும் அறைக்குள்தான். மூச்சும் சமையலும் சேர்ந்துகொள்ளும். ஜன்னல் சட்டத்தில் வழிந்து, அலமாரியின் பின்சுவரில் படிந்து, மெத்தையின் அடிப்பக்கத்தில் கறுப்புப் புள்ளிகளாக வளரும். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைப்பதுதான் மனித இயல்பு. அதற்கு எதிராக, கூரைத் துவாரத்தை இரண்டு விரல் அளவுக்காவது திறந்து வையுங்கள் என்று துவாரத்தின் கைப்பிடிக்கு அருகிலேயே எழுதி ஒட்டுங்கள். கையேட்டின் எண்பதாம் பக்கத்தில் இருப்பது யார் கண்ணிலும் படாது.

வாடகைக்கு விடுபவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். சில இடங்களில் குழாய்களை முழுக்க வடித்து, ஆன்டிஃப்ரீஸ் (உறையாமல் காக்கும் திரவம்) ஏற்றிய நிலையில் வண்டியைக் கொடுத்து, "இந்தப் பயணத்தில் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்த வேண்டாம், கேனில் கொண்டுபோங்கள்" என்று நேர்மையாகச் சொல்கிறார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன், மற்றவர்களும் பின்பற்ற வேண்டும். அப்படிக் கொடுக்கும்போது கழிப்பறையிலும் சிங்க்கின் வளைகுழாயிலும் ஊற்ற ஒரு கேன் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸைச் சேர்த்துக் கொடுங்கள். அது புரொப்பிலீன் கிளைக்கால் என்றும், கார் ரேடியேட்டருக்கு ஊற்றுவதில் பெரும்பாலும் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு என்றும், அதை இந்தக் குழாய்களில் ஒருபோதும் ஊற்றக் கூடாது என்றும் சொல்லிக் கொடுங்கள்.

குழாய்த் தண்ணீரோடு கொடுப்பதானால் பாடம் கொஞ்சம் நீளம். முகாமின் குழாயில் ஹோஸை மாட்டியே வைக்காமல், தொட்டியை நிரப்பிக்கொண்டு ஹோஸைக் கழற்றி வடித்து உள்ளே எடுத்து வைக்க வேண்டும். கழிவுநீர் வால்வை எப்போதும் மூடி வைத்து, தொட்டி நிறைந்த பிறகு ஒரே மூச்சில் திறந்துவிட வேண்டும். திறந்தே வைத்தால் பாத்திரம் கழுவும் தண்ணீர் நூல் போல வெளிக்குழாயில் ஓடி, அடுக்கடுக்காக உறைந்து, ஒரே இரவில் குழாயை அடைத்துவிடும். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். டிவியை எப்படிப் போடுவது என்று காட்டுவதற்கு அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கிறீர்கள்.

முகாம் நடத்துபவர்களே, உங்கள் பனி வாரும் வண்டி பாதையைச் சுத்தம் செய்துவிட்டுப் பனியை எங்கே தள்ளுகிறது என்று ஒரு தடவை நின்று பாருங்கள். பல முகாம்களில் அது நிறுத்தியிருக்கும் வண்டிகளின் பக்கவாட்டில் குவிகிறது. பர்னஸின் புகைத் துவாரம் இருப்பதும் அதே பக்கவாட்டில், இடுப்பு உயரத்துக்கும் கீழே. துவாரம் அடைபட்டால் பர்னஸ் நிற்கும், அல்லது புகை திரும்பும். பனி வாருபவர்களுக்கு அந்தத் துவாரம் எப்படி இருக்கும் என்று காட்டுங்கள். அதை விட்டுத் தள்ளிப் பனியைக் குவிக்கச் சொல்லுங்கள்.

தயாரிப்பாளர்களிடம் மீண்டும் வருகிறேன். அடிப்பகுதியில், குளிர் முதலில் தாக்கும் வால்வுக்குப் பக்கத்தில் ஒரு வெப்ப உணரியை வைத்து, அதன் அளவை உள்ளே தெர்மோஸ்டாட்டுக்குப் பக்கத்தில் காட்டுங்கள். பெரிய செலவு பிடிக்கும் பொருள் அல்ல அது. கீழே 3 டிகிரிக்கு வந்ததும் ஓசை எழுப்பட்டும். பர்னஸைப் போடுவதா, தண்ணீரை வடிப்பதா, கிளம்பிவிடுவதா என்று முடிவெடுக்க ஒரு குடும்பத்துக்கு அது நேரம் கொடுக்கும். எண்ணை அச்சிட்ட ஸ்டிக்கரும் இந்தச் சின்னத் திரையும் அடுத்த குளிர்காலத்துக்கு முன்பே உங்கள் புதிய வண்டிகளில் வர வேண்டும். பழைய வண்டிகளில் அந்த உணரியைத் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்ள வழி செய்யுங்கள். எந்த மாடல் எந்தக் குளிர் வரை சோதிக்கப்பட்டது, எது சோதிக்கப்படவே இல்லை என்ற பட்டியலையும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
குளிர்காலத்திலும் ஆர்.வி.யில் குடும்பத்தோடு கிளம்பும் ஒருவர்