ஏழு பேர் பெயரையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் அணி ஒற்றுமை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வழவழப்பான தாள், அழகான படம். அதில் "ஒரே நிறச் சட்டையை மாட்டிவிட்டால் ஒற்றுமை தானாக வந்துவிடும்" என்று ஒரு வரி. எழுதியவர் எந்த ஊரோ, ஆனால் களக்காடு, நாங்குநேரி பக்கம் ஒரு நாள்கூடக் கபடி ஆடியவர் இல்லை என்பது மட்டும் தெரிகிறது.

நான் பதினோரு வருஷம் லெஃப்ட் கார்னரில், அதாவது பிடிக்கிற வரிசையின் இடது ஓரத்தில், நின்றவன். பிடி ஆட்டக்காரனுக்குச் சட்டையா முக்கியம்? பக்கத்தில் நிற்கிறவன் கைதான் முக்கியம். கையைக் கோத்துக்கொண்டுதான் நிற்போம். பாடி வருகிற ரைடர் காலை நான் பாய்ந்து பிடிக்க வேண்டும் என்றால், பிடித்த அடுத்த நொடி பக்கத்தாள் மேலே விழுந்து அமுக்குவான் என்று மனசுக்குத் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் காலே எழும்பாது, கொஞ்சம் யோசித்தால் போதும், அவன் கோட்டைத் தொட்டுவிடுவான், நான் வெளியே போய் உட்கார வேண்டியதுதான்.

1997இல் பள்ளி டீமில் என் பக்கத்தில் நின்றவன் வேறு தெருக்காரன். அவன் கையில் ஒரு கலர் கயிறு, என் கையில் வேறு கலர். அது சாமிக் கயிறு இல்லை, சாதிக் கயிறு என்பது உங்களுக்குத் தெரியாததா? உள்ளங்கை வேர்த்து வழுக்கும் என்பதால் மணிக்கட்டைப் பிடிப்பது எங்கள் பழக்கம், பிடிக்கிற இடத்தில் சரியாக அந்தக் கயிறு கிடக்கும். இரண்டு வாரம் அவன் என் விரல் நுனியைத்தான் பிடித்தான், நானும் அப்படித்தான். சட்டை இரண்டு பேருக்கும் ஒரே நீலம்தான் ஐயா! ஆடிய மேட்ச் எல்லாம் தோற்றோம்.

பி.டி. வாத்தியார் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. ஒருநாள் சாயங்காலம் பிளேடோடு வந்தார். "அறுத்துட்டு உள்ள வாங்கல, இல்லன்னா வீட்டுக்குப் போங்கல" என்றார். இரண்டு பேர் போனவர்கள் திரும்பவே இல்லை. அப்புறம் ஒரு சட்டம் போட்டார்: அவன் பிடியை விட்டால் நான் மைதானத்தைச் சுற்ற வேண்டும், நான் விட்டால் அவன். ஒரு மாசம் அவனுக்காக நான் ஓடியது எனக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு மணிக்கட்டைப் பிடித்தான்.

பள்ளிகளில் சாதிச் சண்டையைத் தடுக்க அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024இல் கலர் கயிறு கூடாது என்று அரசிடம் அறிக்கை கொடுத்ததை நீங்களே பெரிதாகப் போட்டீர்கள். சரி, அறுக்கிற வாத்தியார் எங்கே? என் மகன் படிக்கும் பள்ளியில் (பெயர் வேண்டாம்) விளையாட்டு பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார், பாதி மைதானத்தில் பள்ளி பஸ் நிற்கிறது.

உங்கள் பத்திரிகை மட்டும் என்ன வாழுகிறதாம்? போன தையில் பக்கத்து ஊர் மேட்சில் கடைசி நிமிஷம் களத்தில் மிச்சம் மூன்றே பேர். மூன்று பேரும் சேர்ந்து ரைடரை அமுக்கி, சூப்பர் டேக்கிளில் (மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று பிடித்தால் அதற்கு அந்தப் பெயர்) 2 புள்ளி எடுத்து ஜெயித்தார்கள். மறுநாள் உங்கள் செய்தியில் ஜெயித்த டீம் ரைடர் படம், கோப்பை கொடுத்தவர் பெயர், பொன்னாடை போர்த்திய ஒன்பது பேர் பெயர். பிடித்த மூன்று பேர்? "மற்றும் சக வீரர்கள்". அந்தக் கார்னர் பையன் என் டீக்கடையில்தான் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனான்.

என் மேலும் தப்பு உண்டு. நம்ம கபடி வீரர் மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய அணியில் ஆடினார், அர்ஜுனா விருது வாங்கினார் என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வேன். அவரோடு அந்த அணியில் நின்ற மற்றவர்கள் பெயரைக் கேட்டால் கபடிக்காரன் எனக்கே தெரியாது.

அதனால் கேட்பது சின்ன விஷயம்தான். கபடிச் செய்தி போட்டால் களத்தில் இறங்கிய ஏழு பேர் பெயரையும் போடுங்கள். இரண்டு வரி ஆகும். பொன்னாடைக்காரர்களில் நாலு பேரை விட்டால் இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
பழைய லெஃப்ட் கார்னர்,
களக்காடு