வண்டிக்குக் காணி உறுதி கேட்கமாட்டார்கள்

தலவாக்கலை, இலங்கை
14.09.2025

அன்பின் நண்பா,

நலம். நீங்களும் நலமென்பதை உன் மகள் அனுப்பிய படங்கள் சொல்கின்றன. ஐந்து மாதம் பதில் எழுதாததற்கு மழையையும் முழங்கால் வலியையும் காரணம் காட்டலாமென்றிருந்தேன். நம் பள்ளிக்கூடத்துக் கண்ணாடி மாஸ்டரிடமே எடுபடாத சாக்கு உன்னிடமா எடுபடும்? உன் சித்திரைக் கடிதம் கிடைத்த நாள் முதல், மரக்கறிக் கடைக்கு மானியம் கேட்கும் ஒரு விண்ணப்பத்தின் பின்னால் அலைந்துகொண்டிருந்தேன். சென்ற செவ்வாய்க்கிழமை அது திரும்பி வந்துவிட்டது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநில அரசு 2004 இல் மூன்று கோடி டொலரை முதலாக இட்டு, நல்ல மரக்கறியும் பழமும் கிடைக்காத இடங்களில் கடை திறக்கவும் இருக்கும் கடையைத் திருத்தவும் மானியமும் கடனும் வழங்கியதென்றும், அதைப் பார்த்து 2010 இல் மத்திய அரசும் அவ்வாறே தொடங்கியதென்றும் எழுதியிருந்தாய். நகரத்தில் ஒரு மைலுக்குள்ளும் நாட்டுப்புறத்தில் பத்து மைலுக்குள்ளும் பெரிய கடை இல்லாத வறிய பகுதிகளையே அங்கு குறைபாடுள்ளவையாகக் கணக்கெடுக்கிறார்கள் என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவிலிருந்து டவுன் ஐந்து மைல்கூட இல்லை. உங்கள் அளவுகோலின்படி நாங்கள் கொடுத்துவைத்தவர்கள்! அந்த ஐந்து மைலுக்குக் காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். வேலை நாளில் சந்தைக்குப் போனால் அன்றைய பெயரும் (வரவுப் பதிவும்) நாட்கூலியும் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை போகலாமே என்பாய். அன்று வாங்கிய கீரை புதன்கிழமைவரை தாங்காது. தொழிலாளர் வரிசை வீடுகளான நம் லயத்தில் எத்தனை வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறதென்பது உனக்குத் தெரியும்.

சிறுவயதில் நாமிருவரும் மாட்டிக்கொண்ட கரட் வழக்கின் முதலாம் எதிரியான உனக்கு இதையும் சொல்லவேண்டும். நுவரெலியாவிலிருந்து கரட்டும் கோவாவும் லீக்ஸும் ஏற்றிய லொறிகள் இன்றும் இரவோடிரவாகத் தம்புள்ளைக்கு இறங்குகின்றன. அங்கே கைமாறிய மரக்கறியில் ஒரு பங்கு, கூலியும் தரகும் சுமந்துகொண்டு மறுபடியும் மலையேறி நம் டவுன் கடைக்கு வருகிறது. மரக்கறித் தோட்டத்தில் நாட்கூலிக்குப் பாத்தி கொத்தும் பணிய லயத்துப் பெரியம்மாவின் வீட்டில் இரவுச் சாப்பாடு கோதுமை மா ரொட்டியும் சம்பலும்தான். 2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்குப் பதினேழு பேர். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ முப்பத்திரண்டு பேர். நாற்பது ஆண்டு பாடம் நடத்திய எனக்கு அந்த ஆய்வு வேண்டியதில்லை, வகுப்பில் கடைசி வாங்கு வரிசையைப் பார்த்தாலே போதும்.

ஆகவே மேற்பிரிவுப் பெண்கள் பதினான்கு பேரைக் கூட்டி, பிள்ளை மடுவத்துக்கு (குழந்தைப் பராமரிப்பு நிலையத்துக்கு) பக்கத்தில் ஒரு சிறு மரக்கறிக் கடை போடத் திட்டமிட்டு, மானியம் கேட்டு எழுதினோம். எந்த அலுவலகத்துக்கு என்பதை விடு, நாளையும் அந்த வாசலில்தான் நான் நிற்கவேண்டும். திரும்பி வந்த தாளில் ஒரே வரி: கடை அமையவுள்ள காணியின் உறுதிப் பத்திரம் இணைக்கப்படவில்லை. காணி அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, தலைமுறை தலைமுறையாக அதில் குடியிருப்பது மட்டும் நாங்கள். தன் காணிக்கான உறுதியை அரசாங்கம் எங்களிடம் கேட்கிறது! இதை அந்த மேசைக்காரரிடம் சொன்னபோது அவரும் சிரித்துவிட்டார், கெட்ட மனிதரல்லர். படிவத்தில் அதற்குக் கட்டமில்லையே என்றார்.

அன்றிரவு தூக்கம் வராமல் உன் கடிதத்தை மறுபடி எடுத்தபோதுதான், முன்பு நான் ஓட்டமாகக் கடந்துபோன பகுதி கண்ணில் பட்டது. பிலடெல்பியாவில் மானியத்தோடு ஒரு பேரங்காடி திறந்தபின் நடத்திய ஆய்வு 2014 இல் வெளியானதென்றும், கடை வந்ததை அயலவர் அறிந்திருந்தும் அவர்கள் பழமும் மரக்கறியும் உண்ணும் அளவு குறிப்பிடத்தக்கபடி மாறவில்லையென்றும் எழுதியிருக்கிறாய். 2009 இல் டிட்ரோயிட்டில் தொடங்கிய ஏற்பாட்டையும் அடுத்தே சொல்கிறாய்: அரசின் உணவு உதவிப் பணத்தில் ஒருவர் மரக்கறி வாங்கினால், அதே அளவு மரக்கறி வாங்க இன்னொரு பங்கும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். நான் கட்டடத்தைப் பிடித்துக்கொண்டு விலையை விட்டுவிட்டேன், நண்பா. கடை வாசலுக்கே வந்தாலும், மாதக் கடைசியில் பற்றுக் கணக்கு நிரம்பிய வீட்டில் போஞ்சி வாங்கமாட்டார்கள், மாத்தான் வாங்குவார்கள்.

இப்போது விண்ணப்பத்தை மாற்றி எழுதுகிறேன். கடை வேண்டாம். வாரத்தில் மூன்று நாள், கொழுந்து நிறுத்து முடியும் நேரத்தில், விவசாயிகளிடமே நேரடியாக வாங்கி ஏற்றிவரும் ஒரு சின்ன ‘பட்டா’ லொறி. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளை உள்ளவர்களுக்கும் நூறு ரூபாய்க்கு வாங்கினால் இன்னொரு நூறுக்கான சீட்டு. வண்டிக்குக் காணி உறுதி கேட்கமாட்டார்களல்லவா? வேறெதையாவது கேட்பார்கள், தெரியும்; உன் அண்ணன் இப்போதே “வாகன வரிப் பத்திரம் கேட்பான்” என்று பயமுறுத்துகிறார்.

ஒன்றை மட்டும் விசாரித்து எழுது. அந்த இரட்டிப்புப் பங்கின் பணம் கடைக்காரருக்கு முன்கூட்டியே கிடைக்கிறதா, விற்றுக் கணக்குக் காட்டியபின் கிடைக்கிறதா? பின்னர்தான் கிடைக்குமென்றால் எங்கள் பதினான்கு பேரால் முதல் மாதத்தைத் தாண்ட முடியாது. முப்பதாந் திகதிக்குள் கொடுக்கவேண்டும், ஆகையால் கடிதமாக அனுப்பாதே. இரவு ஏழு மணிக்குமேல் அழை, கோயில் முடக்கில் நின்றால்தான் எனக்குச் சிக்னல் எடுக்கும்.

உன்,
இரண்டாம் எதிரி