வேலிக்கு வெளியே போன விண்டோக்கள்

கிளிநொச்சி

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. பதில் பிந்தியதற்குக் காலபோக அறுவடைதான் காரணம். எனக்கு வயல் ஒரு பரப்பும் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் அரிசி ஆலைக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தவனுக்கு மாசி, பங்குனியில் நித்திரை இல்லை. இரணைமடுப் பக்கமிருந்து வந்த நெல் மூடைகளோடு உழவு இயந்திரங்கள் வாசலில் நிற்கும்போது திரையில் ஏதாவது பிசகினால், முதல் அழைப்பு எனக்குத்தான். அம்மா சுகமாக இருக்கிறா. வளவுப் பலா இந்த முறை நன்றாகக் காய்த்திருக்கிறது.

இந்தக் காலத்திலும் ஏன் ஜாவா ஸ்விங் (ஜாவா மொழியில் திரைகளை வரையும் பழைய கருவித்தொகுதி), அதுவும் ஒரு பெரிய விண்டோவுக்குள் ஏன் குட்டி விண்டோக்கள் என்று நக்கலாகக் கேட்டிருந்தாய். கவுண்டரில் இருக்கிற தங்கச்சியின் கதிரையில் அரை மணி நேரம் இருந்து பார். விவசாயி முன்னால் நிற்கிறார். நிறைப் பதிவு, அன்றைய விலை, அவர் போன போகத்தில் வாங்கிய முற்பணம் மூன்றும் ஒன்றாகக் கண்ணில் பட வேண்டும். முதலில் டாப் வைத்துக் கொடுத்தேன், ஒன்றை அழுத்தினால் மற்றது மறைகிற மாதிரி. அவள் ஒரு டாப்பில் பார்த்ததைத் துண்டுக் கடதாசியில் எழுதி, அடுத்த டாப்பில் தட்டிக்கொண்டிருந்தாள்! தனித்தனி விண்டோவாக விட்டால் கீழ்ப்பட்டையில் மற்றவற்றோடு கலந்துபோகிறது. அதனால்தான் ஜேடெஸ்க்டொப்பேன் என்ற தளத்தைப் போட்டு, அதற்குள் ஜேஇன்டர்னல்ஃபிரேம் என்ற உள் விண்டோக்களை விட்டேன்.

தொடக்கத்தில் எல்லாரும் படுகிற பாட்டை நானும் பட்டேன். உள் விண்டோவை உருவாக்கித் தளத்தில் சேர்த்தேன், ஒன்றுமே தெரியவில்லை. அளவு கொடுக்காவிட்டால் அது பூச்சிய அளவில்தான் கிடக்கும். அளவு கொடுத்தாலும் காட்டு என்று தனியாகச் சொல்ல வேண்டும். இடம் சொல்லாவிட்டால் எல்லாம் இடது மேல் மூலையில் ஒன்றின் மேலொன்றாக அடுக்கி நிற்கும். முன்னுக்கு வா என்று தெரிவு செய்வதும் திரையில் காட்டிய பிறகுதான் பலிக்கும். அதற்கு முன் சொன்னால் பிழை எதுவும் காட்டாமல் பேசாமல் இருந்துவிடும். அந்தப் பேசாமை எனக்கு ஒரு இரவைத் தின்றது.

பெரிய கூத்து போன மாதம். ஒவ்வொரு விண்டோவும் கடைசியாக எங்கே நின்றது என்று சேமித்து வைத்து, அடுத்த நாள் அதே இடத்தில் திறக்கும்படி கெட்டித்தனமாக எழுதியிருந்தேன். ஆலையில் இருந்த 1920×1080 திரை பழுதாகி, 1366×768 திரை ஒன்றை மாட்டினார்கள். முற்பண விண்டோ இடமிருந்து 1500ஆவது புள்ளியில் திறக்கிறது. திரையோ 1366இல் முடிந்துவிட்டது. மாடு நிற்கும்போதே வேலியை உள்ளே தள்ளிப் போட்டது மாதிரி, விண்டோ வெளியே, தங்கச்சி உள்ளே. திறக்கவில்லை என்று நினைத்து மெனுவை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் போய்ப் பார்த்தபோது அதே விவசாயியின் முற்பணக் கணக்கு பதினொரு பிரதிகளாகக் கண்ணுக்குத் தெரியாமல் திறந்திருந்தது.

அன்று ஒரே மூச்சில் இரண்டையும் திருத்தினேன். தளத்தின் அளவு மாறும் ஒவ்வொரு தடவையும், புதிதாக ஒன்று திறக்கும்போதும், தளத்தில் இருக்கிற எல்லா உள் விண்டோக்களையும் வரிசையாக எடுத்து, தலைப்புப் பட்டை வெளியே போயிருந்தால் உள்ளே இழுத்து விடுகிறேன். தலைப்புப் பட்டை கையில் அகப்பட்டால் போதும், மிச்சத்தை அவள் இழுத்துக்கொள்வாள். இரண்டாவது, விவசாயியின் இலக்கத்தை வைத்து ஒரு பதிவேடு. அவருடைய விண்டோ ஏற்கெனவே இருந்தால் புதிது உருவாகாது. சுருக்கி வைத்திருந்தால் விரித்து, முன்னுக்குக் கொண்டுவந்து, தெரிவு செய்யும். மூடும்போது பதிவேட்டிலிருந்தும் நீக்க மறக்காதே. நான் மறந்து, செத்த விண்டோவை எழுப்பப் பார்த்தது வேறு கதை.

மூடுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஜேஃபிரேம் என்ற சாதாரணத் தனி விண்டோவில் மூடும் பொத்தானை அழுத்தினால், வேறாகச் சொல்லாதவரை, அது மறையும். உள்ளது அப்படியே இருக்கும். உள் விண்டோ அப்படியில்லை, முழுதாக அழிந்துவிடும். பாதி எழுதிய நிறைப் பதிவு ஒரு சொடுக்கில் போனது. இப்போது ஒன்றும் செய்யாதே என்று அமைத்துவிட்டு, மூடும் நிகழ்வில் சேமிக்கவா என்று கேட்ட பிறகு நானே அழிக்கிறேன்.

சரி, உன் நக்கலுக்குப் பதில்: நீ சொன்னதில் பாதி உண்மை. குட்டி விண்டோக்களை உள்ளே வைத்தால் இயங்குதளம் சும்மா செய்து தருகிற வேலை முழுவதும் எங்கள் தலையில் விழுகிறது. ஒரு சொந்தக் காணியின் எல்லையைப் பார்ப்பது மாதிரி. அடுத்த ஆலை கேட்டால் மூன்று பகுதியாகப் பிரித்த ஒரே திரையைத்தான் கொடுப்பேன். ஆனால் இந்தத் தங்கச்சி இப்போது விண்டோக்களைத் தன் விருப்பத்துக்கு அடுக்கி வைத்திருக்கிறாள். அதைப் பிடுங்க எனக்கு மனமில்லை.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருவதாக எழுதியிருந்தாய். வரும்போது உன் வீட்டு மூலையில் தூசு பிடித்துக் கிடக்கிற அந்த 1024×768 திரையையும் தூக்கி வா. நான் எழுதினது அதில் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பழைய வாங்குத் தோழன்