சுவரில் ஓர் ஆணி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே மகள் படிக்க வெளியூர் போய்விட்டாள். அவள் அறையில்தான் இப்போது நான் உட்கார்ந்து வாசிக்கிறேன். சுவர் வெறிச்சென்று இருந்ததால் டச்சு ஓவியர் வெர்மீரின் 'பால் ஊற்றும் பெண்' ஓவியத்தை மறுபடி தேடிப் போனேன்.

முன்பு வாங்கிய பிரதி ஞாபகம் இருக்கிறதா? மூன்றடிக்குப் பெரிதாக்கி ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருந்தேன். இரண்டே வருஷத்தில் வெயில் மஞ்சளையும் சிவப்பையும் தின்றுவிட்டது. படமே நீலம் பாரித்துப்போனது. 1660-ஐ ஒட்டி வரைந்த அந்த ஓவியம் உண்மையில் 45.5-க்கு 41 சென்டிமீட்டர்தான்! இந்தத் தடவை அதே அளவில், எளிதில் வெளுக்காத நிறமி மையில் அச்சடித்தேன். ஓவியம் இருக்கும் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் என்ற அருங்காட்சியகம் அதன் உயர்தரப் படத்தை இலவசமாகவே தருகிறது.

அந்தப் பெண்ணுக்குப் பின்னால் இருக்கும் சுவரைக் கவனித்திருக்கிறாயா? மேலே ஓர் ஆணி, அதன் குட்டி நிழல், பழைய ஆணிகளைப் பிடுங்கிய ஓட்டைகள். என் பழைய பிரதியில் அந்த இடம் வெறும் சாம்பல் பூச்சாக இருந்தது. புதியதில் ஆணியின் நிழல்கூடத் தெரிகிறது. நீ எந்தப் பிரதி வாங்கினாலும் முகத்தை விட்டுவிடு; மூலையில் ஒதுங்கிக் கிடக்கும் ஒன்றைத் தேடிப் பார்.

ரெம்ப்ராண்டின் 'இரவுக் காவல்' வேண்டும் என்று எழுதியிருந்தாய். வேண்டாம் என்பேன். மூலம் நான்கு மீட்டருக்கும் மேல் அகலம். சோபாவுக்கு மேல் மாட்டும் அளவுக்குச் சுருக்கினால் முகங்களெல்லாம் கடுகாகிவிடும். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் 'பேரலை'யை எடுத்துக்கொள். 1830-களின் தொடக்கத்தில் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டது, சுமார் 38 சென்டிமீட்டர் அகலம்தான். அதுவே அச்சுப்படம் என்பதால் பிரதியிலும் அதிகம் இழக்க மாட்டாய்.

அப்புறம், ஆணி அடிக்க அவசரப்படாதே. படத்தின் அளவுக்குச் செய்தித்தாளை வெட்டி ஒரு வாரம் சுவரில் ஒட்டி வை. நின்று பார்ப்பதானால் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டரில் இருக்கட்டும். நான் நாற்காலியிலிருந்தே பார்ப்பதால் கொஞ்சம் இறக்கி மாட்டியிருக்கிறேன். பிரேம் போடும்போது படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையை அமிலமில்லாததாகக் கேட்டு வாங்கு. கண்ணாடி படத்தில் ஒட்டக்கூடாது.

சரி, உன் சுவரை அளந்து, வெயில் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்பதையும் பார்த்து எழுது.

அன்புடன்,
உன் நண்பன்